பிரேக் பேடில் வைத்த பொட்டு

தென்காசியில் சர்வீசுக்கு விட்ட என் பழைய காரின் முன் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், "பிரேக் பேடு தேஞ்சிட்டு, மாத்திரணும். நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்.

டீ என்றதும் அப்பா ஞாபகம் வந்தது. எந்த மெக்கானிக்கையும் அவர் நம்பமாட்டார். ஒருமுறை பேடு மாற்றக் கொடுக்குமுன், வீட்டிலேயே சக்கரத்தைக் கழற்றி, பழைய பேடின் இரும்பு முதுகில் அம்மாவின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார்.

"பொட்டு வச்சது கைக்கு வந்தா, மாத்திட்டாம்னு அர்த்தம்லா."

அப்பா டீ குடித்துவிட்டு வந்தபோது பொட்டு வைத்த பேடு காகிதத்தில் பொதிந்து தயாராக இருந்தது. அப்பாவுக்கு ஒரே பெருமை. மறுநாள் ஐந்தருவியிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் அதே பழைய கீச்சல். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், சக்கரத்துக்குள்ளும் சிவப்புப் பொட்டு. வேறு எவனுடைய தேய்ந்த பேடிலோ பொட்டு வைத்துத் தந்திருக்கிறான்.

"அதே கலரு அவன்கிட்ட எப்படி வந்துச்சு?" என்று அம்மா அப்பாவைத்தான் முறைத்தாள்.

இப்போது நான் பட்டறையில் கிடந்த ஸ்டூலை இழுத்துச் சக்கரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"டீயை இங்கன கொண்டாரச் சொல்லுங்க."

மெக்கானிக் பேடை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும் போலதான் தெரியுது அண்ணாச்சி."