மாற்றிக் குடித்த டீ

அந்த எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே கனம். ஒன்றின் விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு நெளிசல். காப்பகத்துக்குக் காலையில் டீ கேன் வந்ததும் வின்ச்காரர் அவற்றைத் தானே கழுவி எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார். இரண்டிலும் ஊற்றச் சொல்வார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. நான் என்னுடையதைக் கையில் எடுத்ததும் அதை வாங்கிக்கொண்டு, தன்னுடையதை என் பக்கம் நகர்த்துவார். நான் ஒரு வாய் குடித்து விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் தான் குடிப்பார். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளில் எரிச்சலாகிவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காக டீ சோதித்துக் கொடுக்கிறேனே என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் காப்பகம். வீடில்லாத ஆண்களுக்கானது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடியை விட முடியாதவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள் என்று பலர் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்தவர்களைக் கவனிக்கத்தான் என்னை ஆலோசகராக எடுத்திருந்தார்கள். இந்த வேலைக்கு இரக்கம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் குறைச்சல், சந்தேகம் தாராளம். யாராவது வணக்கம் மேடம் என்றால், வணக்கத்தோடு சேர்த்து வாயின் வாடையையும் வாங்கி வைத்துக்கொள்வேன். பாய்க்கு அடியில் கைவிட்டுத் துழாவுவேன். கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். திருவொற்றியூரில் ஒரு குடிகாரரின் மகளாக வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வின்ச்காரர் ராயபுரத்திலேயே, மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சைப் பல வருடம் ஓட்டியவர் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு சம்பள நாளில், கொஞ்சம் போட்டிருந்த நிலையில், துறைமுகத்துக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். வேலை போயிற்று, பிறகு வீடும் போயிற்று. கூட்ஸ் ரயில் போகும் பாதையின் சுவரோரம் வலிப்பு வந்து கிடந்தவரை எங்கள் ஆட்கள் தூக்கி வந்தார்கள். இன்னொரு முறை அங்கே போய் விழுந்தால் பிழைப்பது சந்தேகம் என்று காப்பகத்துக்கு வரும் டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். வின்ச்காரருக்கு இரண்டு விஷயங்களில் அசையாத உறுதி இருந்தது. துறைமுகத்தின் பெரிய கிரேன் உச்சியில் ஒருவன் உட்கார்ந்து தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது ஒன்று. தன் சாப்பாட்டில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்பது மற்றொன்று. டாக்டரம்மா இரண்டையும் ஒரே நோயாகத்தான் எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே.

அதனால் அவர் தோலோடு வருவதை மட்டுமே நம்பினார். வாழைப்பழம், ஓட்டோடு வேகவைத்த முட்டை, வேர்க்கடலை, கவர் பிரிக்காத பன். காப்பகத்துச் சாம்பாரை எல்லோரும் இரண்டாவது முறை வாங்கும்போது இவர் முட்டை உரித்துக்கொண்டிருப்பார். டீ ஒன்றுதான் விதிவிலக்கு. டீயை விட முடியவில்லை, அதனால்தான் அந்த டம்ளர் ஏற்பாடு. எனக்கோ வேறு சந்தேகம். வெளியே எங்கேயோ கட்டிங் போட்டுவிட்டு வந்து, அதை மறைக்கத்தான் இத்தனை நாடகம் என்று நினைத்தேன். அவருடைய பையை மூன்று தடவை உதறிப் பார்த்தேன். முட்டை ஓடுதான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அக்கா வருவார். இறால் கம்பெனியில் வேலை பார்த்து விரல்களெல்லாம் வெளிறிப்போன அம்மா அவர். பூசை முடிந்ததும் ஜெபமாலை கழுத்தில் இருக்க, தூக்குவாளியில் வஞ்சிரம் மீன் குழம்பும் சோறுமாக நேரே இங்கே வந்துவிடுவார். தம்பி ஒரு வாய் தொடமாட்டார். "நீ துன்னு" என்பார் அக்காவிடம். "எனுக்கு வவுறு சரியில்லடா" என்பார் அக்கா. எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவர் தலை மறைந்ததும் வின்ச்காரர் வாளியை அப்படியே பக்கத்துப் பாயில் படுக்கும் பெயிண்டரிடம் தள்ளிவிடுவார். பெயிண்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே மீன் குழம்புதான்.

ஒரு ஞாயிறு மதியம் பெயிண்டர் அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியாமல் வெளியே போய் ஒரு குவார்ட்டரும் போட்டு வந்திருக்கிறார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடவென்று அடிக்க, வாந்தி நிற்கவே இல்லை. ஆட்டோவில் போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். கெட்ட சரக்கு என்று காப்பகத்து இன்சார்ஜ் சார் முடித்துவிட்டார். வின்ச்காரர் மட்டும் தன் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "சரக்கு இல்ல சார், அந்தக் கொயம்பு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் சந்தேகப்பட்டது வின்ச்காரரைத்தான். குழம்பு அவர் கையிலிருந்துதானே போயிற்று. தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்பதை நிரூபிக்க இவரே எதையாவது போட்டிருந்தால்?

மறுநாள் பெயிண்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தச் சிவந்த முகம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அப்பாவின் முகம் அது. குடித்துவிட்டு வந்து சில நாட்கள் அவர் அப்படித்தான் சிவந்து, மூச்சு வாங்கி, செத்துவிடுவேன் என்று அழுவார். ரசத்தில் ஏதோ வாடை அடிக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். குடித்துக் கெட்ட நாக்கு அப்படித்தான் சொல்லும் என்பாள் அம்மா. கடைசிக் காலத்தில் அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தள்ளுவண்டிக் கடையில் சாப்பிட்டு நாளை ஓட்டினார். அவர் போன பிறகுதான், உளுந்து டப்பாவுக்குப் பின்னால் இருந்த காகிதப் பொட்டலங்களைப் பற்றி அம்மா என்னிடம் சொன்னாள். ரயில் நிலையச் சுவர்களிலும் பாலத்தின் அடியிலும் ஒட்டியிருப்பார்களே, அவருக்கே தெரியாமல் குடியை மறக்கச் செய்யலாம் என்று. அந்த மருந்து. அப்பாவிடம் கடைசிவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அம்மா மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு அக்காவை வாசலிலேயே நிறுத்தினேன். வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு, இதில் என்ன போட்டீர்கள் என்று நேராகவே கேட்டேன். மீன்தான், புளிதான் என்றார் முதலில். நான் வாளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு மணிபர்ஸைத் திறந்து மடித்த பொட்டலம் ஒன்றைக் காட்டினார்.

"நான் விசம் வெக்கலம்மா. மருந்துதான் வெச்சேன். அவனுக்குத் தெரிஞ்சா துன்ன மாட்டான்னு செவுத்துலயே போட்டுகீதே."

"எப்பத்திலேர்ந்து அக்கா?"

"அவன் வூட்ல இருக்கசொல்லவே. அவன் ஒருத்தனயாச்சும் கரை ஏத்திடலாம்னு பாத்தேன்."

டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அந்தப் பொடி உள்ளே இருக்கும்போது குடித்தால் உயிரே போகலாம் என்றார். அதை நான் சொன்னதும் அக்கா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பி துறைமுகத்தில் விழுந்த நாள் அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

இதற்குள் வின்ச்காரர் டீக்கு வருவதையும் நிறுத்தியிருந்தார். பெயிண்டர் விழுந்த மறுநாளே இரண்டு டம்ளர்களையும் என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவர்தான். மாத்திரையும் வேண்டாம் என்றுவிட்டார். ஜன்னலுக்குத் துணி கட்டி கிரேனை மறைத்தார். பையைக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். எந்த நேரத்திலும் கிளம்பிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கிளம்பினால் அந்த ரயில் பாதைச் சுவரோரம்தான். இன்சார்ஜ் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். பதினைந்து பேருடைய வலிப்பு நுரையையும் வாந்தியையும் தன் கையால் துடைத்தவர். "அக்கா மேட்டர அவர் கிட்ட சொல்லாதம்மா. சொன்னா நம்ம எல்லாரையும் சேத்து எதிரி ஆக்கிடுவாரு. மாத்திரைய நுணுக்கி டீயில கலந்து குடுத்துடலாம். ஒரு மாசம் போனா தெளிஞ்சிருவாரு, அப்பால பேசிக்கலாம்" என்றார். உன் கையால் கொடுத்தால்தான் குடிப்பார் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒரு மாதம் பன்னிரண்டு வருடம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவையே சொல்ல வைத்தேன். முற்றத்துச் சிமெண்ட் பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் தம்பி, நடுவில் திறக்காத தூக்குவாளி. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வின்ச்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஹார்பர்ல வியுந்தேனே, அன்னிக்குமா?" அன்னிக்கும்தான் என்றார் அக்கா. தம்பி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைக் கடந்து, கேட்டைக் கடந்து, லாரிகளுக்கு இடையில் போய்விட்டார். இன்சார்ஜ் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அதே பெஞ்சில் இருந்தார். ஒரு மனிதனை நானே தெருவுக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தார். முழங்கால் வரை ஈரம். கடலோரப் பாறைகளில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எதற்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். "மோந்து பாத்துக்கோ" என்று வாயைப் பெரிதாகத் திறந்து என் முகத்தில் ஊதினார். கடல் வாடைதான் இருந்தது. பிறகு ஜன்னலில் தான் கட்டிய துணியைக் காட்டிக் கேட்டார்.

"சோத்துல மருந்து வெச்சது நெஜம். அப்போ கிரேன்ல ஒருத்தன் குந்திகினு என்னியே பாக்குறானே, அதுவும் நெஜமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ தடவை அவரிடம் அது உங்கள் நோய் அண்ணே என்று சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "இல்ல அண்ணே. அது நெஜம் இல்ல. அது நோய்."

அவர் என் முகத்தைப் படித்தார். "சோத்து மேட்டர நெஜம்னு நீதான் சொல்ல வெச்ச. அத்தொட்டு இத்த இல்லன்னு நீ சொன்னா, கேட்டுப் பாக்கலாம்" என்றார். நம்புகிறேன் என்று சொல்லவில்லை. மாத்திரை அட்டையைத் தன் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகு தானே உடைத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை டம்ளர்கள் இரண்டும் என் மேஜையில் நிமிர்ந்தன. மாற்றிக் குடிப்பது மட்டும் நிற்கவில்லை. அக்காவின் குழம்பும் பல மாதம் கழித்துத்தான் உள்ளே போயிற்று. அதுவும் அதே வாளியிலிருந்து அக்கா முதலில் ஒரு கவளம் தின்று, இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு. வயிறு சரியில்லை என்று அக்கா அப்புறம் சொன்னதே இல்லை.

இப்போது வின்ச்காரர் கொருக்குப்பேட்டையில், ரயில் பாதை ஓரத்தில் ஒரு சின்ன மாடி அறையில் இருக்கிறார். கன்டெய்னர் யார்டு ஒன்றில் பகல் வாட்ச்மேன் வேலை. நடுவில் இரண்டு தடவை குடியில் விழுந்து எழுந்தார். கிரேன்காரன் இன்னும் எப்போதாவது வந்துபோகிறானாம். நான் காப்பகத்தை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவரைப் பார்க்க ஏறினேன். குடிப்பதை விட்டு எத்தனை மாதம் என்று கேட்டேன். பதில் சொல்லும்போது வழக்கம்போல வாடை பிடித்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

டீ போட்டு, அதே இரண்டு டம்ளர்களிலும் ஊற்றினார். காப்பகத்திலிருந்து கிளம்பும்போது கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். நெளிசல் விழுந்தது என் பக்கம் இருந்தது. தன்னுடையதைத் தொடாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "மாத்திக்கணும்னா மாத்திக்கோம்மா. நான் பாக்கல" என்றார். என் அப்பாவுக்கு யாரும் அப்படித் திரும்பி உட்கார்ந்ததில்லை. வேண்டாம் அண்ணே, உங்களை நம்புகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாய் அதைச் சொல்வதற்குள் கை மாற்றிவிட்டது. டம்ளர் தரையில் உரசிய சத்தம் கேட்டு அவர் திரும்பினார். சந்தோஷமாகச் சிரித்தபடி முதல் வாயைத் தானே குடித்து, நான் பார்க்கும்படி விழுங்கிக் காட்டினார். பிறகு நானும் குடித்தேன். சர்க்கரை அதிகம். அதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.