பீரங்கி நின்ற இடமும் செல் விழுந்த இடமும்

எங்கள் வயலில் ஆமி அடித்த செல் விழுந்த குழிகள் இன்னும் இருக்கின்றன. மாரியில் தண்ணீர் நிற்கும், கொக்கு வரும். முசலிப் பக்கம் வந்து அவற்றைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"அப்ப பீரங்கி இங்கதான் நிண்டதோ?"

இல்லை. செல் விழுந்த இடத்தில்தான் பீரங்கி நின்றது என்று நம்புவதற்குச் சுட்டவனின் குறி மீது நம்பிக்கை வேண்டும். எனக்கு அது இல்லை. செல் விழுந்தபோது நான் இங்கே இருந்தவள்.

பீரங்கியை இயக்கப் பெடியள் ட்ரக்டரில் கட்டி இழுத்துவந்து பக்கத்துக் காணியில் நிறுத்தினார்கள். காணிக்காரர் முஸ்லிம். அவரையும் அவருடைய சனத்தையும் அதற்குப் பல வருடம் முந்தியே இயக்கம் ஊரைவிட்டுத் துரத்திவிட்டது. அவர் புத்தளத்தில் அகதி. ஆளில்லாத காணி, பற்றை மண்டிக் கிடந்தது, அவர்களுக்கு வசதி. பனங்குற்றிகளை அடுக்கி, சுற்றிவர மண் அணை கட்டி, நடுவில் பீரங்கியை இறக்கினார்கள். என் புருசன் போய், "தம்பியவை, பக்கத்தில சனம் இருக்கு" என்று சொன்னார்.

"சனம் இல்லாத இடம் எங்க அண்ணை இருக்கு?" என்றான் ஒருவன். அதோடு பேச்சு முடிந்தது.

பின்னேரம் சுடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தரமும் குசினியில் கோப்பைகள் நகர்ந்தன. பதில் வரும் என்று தெரியும். பிள்ளைகளைப் பங்கருக்குள் தள்ளிவிட்டு நானும் இறங்கினேன். ஆமியின் முதல் செல் பீரங்கிக்குக் கிட்டவும் போகவில்லை. எங்கள் வயலில் விழுந்தது. அடுத்ததும் வயலில்தான். பிறகு கொஞ்சம் கிட்ட, இன்னும் கிட்ட. அங்கே யாரோ ஒருவன் தூரத்தைக் கூட்டிக் கூட்டித் திருத்திக்கொண்டிருந்தான். அவன் பீரங்கியைத் தேடி வந்துகொண்டிருந்தான். வழியில் நாங்கள் இருந்தோம்.

எல்லாம் வெடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் இடையில் ஒரு துண்டு மேட்டு நிலம் உண்டு. அந்தப் பக்கம் பொத்தென்று ஏதோ விழுந்தது. வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். வெடிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டால் இன்றைக்கும் கைகாட்டத் தெரியாது. பங்கருக்குள் கேட்ட சத்தம் மட்டுமே.

பீரங்கிச் சத்தம் நின்றது. அவர்கள் அதைத் திரும்ப ட்ரக்டரில் கொழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றப் பக்கத்தில் அடித்தவர்கள், சத்தம் நின்றதால் அழித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களும் நிறுத்தினார்கள். செத்தது எங்கள் எருமைச் சோடி.

சண்டை முடிந்த பிறகு காணிக்காரர் திரும்பி வந்தார். பற்றையை வெட்டினார், மேடு பள்ளத்தைத் தட்டினார், தென்னை வைத்தார். நல்ல உழைப்பாளி. அதில் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் வெடிபொருள் அகற்றுகிறவர்கள் எங்கள் பக்கத்துக்கு வந்தார்கள். அதே நேரம்தான் என் மகளுக்கு வீடு கட்டத் தொடங்கினோம். வெள்ளம் ஏறாத இடம் அந்த மேட்டுத் துண்டு ஒன்றுதான். மருமகன் கயிறு கட்டி அத்திவாரத்துக்கு அளந்துவிட்டார். அவர்கள் தேடிப் பார்க்காமல் அங்கே ஒருவரும் மண்வெட்டி போடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

வந்த குழுவுக்குப் பொறுப்பு வவுனியாவில் இருந்து வந்த ஒரு பிள்ளை. பீரங்கி எங்கே நின்றது என்று என்னையும் காணிக்காரரையும் நிற்கவைத்துக் கேட்டாள்.

"நானாவின்ர காணியில" என்று காணிக்காரரைக் காட்டினேன்.

"தங்கச்சின்ர வயலில" என்றார் அவர். "குழி கிடக்குத்தானே. பாத்தாத் தெரியாதா?"

அந்தப் பிள்ளை மண்ணில் தடியால் ஒரு நீளக் கோடு கீறினாள். "செல் வட்டமா விழாது, அக்கா. திசை அநேகமாச் சரியா இருக்கும், தூரம்தான் பிழையாப் போகும். குறிக்கு முன்னுக்கும் பின்னுக்குமா ஒரு நீட்டுக்கு விழும். பீரங்கி வயலில நிண்டதெண்டா வயலைச் சுத்தித் தேடினாப் போதும். ஐயாவின்ர காணியில நிண்டதெண்டா வயலில இருந்து அவரின்ர தென்னை வரைக்கும் முழுக்கத் தேடோணும்."

"என்ர தென்னைக்குள்ளயும் சிவப்புத் தடி நடுவீங்களோ?" என்று கேட்டார்.

"நடத்தான் வேணும். முடியும்வரைக்கும் உள்ளுக்க போகேலாது."

அவர் முகம் மாறியது. "தங்கச்சி, நான் அந்த நேரம் புத்தளத்தில. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"தெரியாட்டி, என்ர வயலில நிண்டதெண்டு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

பிள்ளை சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. நான் விடவில்லை. "உங்கட தென்னையில ஒரு மூலை மட்டும் ஏன் இப்பிடிக் காய்க்குது, நானா?"

"அது உரம்."

"உரமில்லை. உக்கின பனங்குற்றி."

ஆனால் அவர் காணியில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பங்கருக்குள் நான் கேட்ட சத்தத்துக்கும் இடம் காட்ட முடியவில்லை. என் வயலில் குழிகள் இருந்தன. வயலில் தொடங்குகிறோம், மேட்டுத் துண்டு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மருமகன் அதைத் தனக்கு ஏற்றமாதிரி விளங்கிக்கொண்டார். "தேவையில்லையெண்டு அவையே சொல்லிட்டினம், மாமி" என்று மண் கிண்டும் பெக்கோ மெசினுக்குச் சொல்லிவிட்டார். நான் கத்தினேன். கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெக்கோ ஓட்டுகிறவன் ஒருவன்தான். பக்கத்துக் காணிக்காரரின் கடைசி மகன்.

காலையில் மெசின் வந்தது. நான் நேரே வேலிக்குப் போனேன். அவர் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார்.

"சரி நானா, நீங்கள் சொன்னதே சரி. பீரங்கி என்ர வயலிலதான் நிண்டது. அப்ப இந்த மேட்டில ஒண்டும் இருக்காது. எங்க கிண்டத் தொடங்கிறதெண்டு உங்கட மகனுக்கு நீங்களே சொல்லுங்கோ."

மகன் மெசினுக்குள் இருந்து, "வாப்பா, எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வாளி உயர்ந்து நின்றது. அவர் மகனைப் பார்த்தார், கயிறு கட்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். அந்த வயதில் அவர் வேலி தாண்டி நான் பார்த்ததில்லை.

"மெசினை நிப்பாட்டு!"

"என்ன வாப்பா?"

"நிப்பாட்டிட்டு இறங்கு. வந்த தடத்தாலயே நடந்து வா. அங்கால இங்கால கால் வைக்காத."

அன்றைக்கே அந்த வவுனியாப் பிள்ளையைக் கூட்டிவந்து, காய் நிறைந்த அந்த மூலையைக் காட்டினார். பீரங்கியைச் சுற்றியிருந்த அணையைத் தட்டிப் பள்ளத்தை மூடியது தான்தான் என்றார்.

நான் நன்றி சொல்லவில்லை. "என்ர மகள் குடியிருக்கப்போற இடமெண்டு தெரிஞ்சும் வாய் திறக்கேல்லை. உங்கட மகன் ஏறினவுடன திறந்தது" என்றேன்.

"ஓம். நீ உன்ர மகளுக்காகக் கத்தினாய். நான் என்ர மகனுக்காகச் சொன்னன்" என்றார். "ஊருக்காக ஆர் பேசினது?"

எனக்குக் கோபம் போகவில்லை.

இப்போது வயலில் இருந்து அவருடைய தென்னை வரைக்கும் சிவப்புத் தடி. மேட்டில் இதுவரை ஒன்று எடுத்திருக்கிறார்கள். மகளின் குசினி வர இருந்த இடத்துக்குப் பின்பக்கம், வெடிக்காத செல். மருமகன் அதைப் பார்த்ததில் இருந்து என்னோடு மரியாதையாகப் பேசுகிறார். வேலை முடியவில்லை. மகள் இன்னும் தகரக் கொட்டிலில்தான். நானாவும் தேங்காய் பறிக்க முடியாமல் வேலியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டார். "இவ்வளவு செல் அடிச்சும் அந்தப் பீரங்கிக்கு ஒண்டும் ஆகேல்லையா?"

"போகேக்க ட்ரக்டரில ஒரு டயர் காத்துப் போயிருந்தது."

"செல் பட்டோ?"

"முள்ளு குத்தி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது தடிகளுக்கு உள்ளே ஒரு தேங்காய் பொத்தென்று விழுந்தது. நான் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.