தகட்டில் ஊற்றிய தண்ணீர்

ஒரகடத்தில் வெல்டிங் கற்றுத்தரும் கூடத்தில் நான் பெருக்கும் வேலை செய்கிறேன். அஞ்சாவது வரை படித்தவள். சார்களிடம் நிமிர்ந்து பேசியதே இல்லை.

அன்று பரீட்சை. இரண்டு இரும்புத் தகடுகளை ஒட்டிக் காட்ட வேண்டும். தேறினால் கம்பெனியில் வேலை. அமலா என்ற பெண் ஒட்டி முடித்து, தகட்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அது புகைந்தது. யாராவது கை வைத்துவிடுவார்களே என்று என் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

சார் வந்தார். "இன்னாமா, ஈரமா கீது? தானா ஆறணும்னு எத்தினி வாட்டி சொன்னேன்? தண்ணி பட்டா விரிசல் வுட்டுடும். அவ்ளோ அவசரமா? நீ ஃபெயிலு, கெளம்பு."

அமலா என்னைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். நான் ஊற்றியதை அவள் பார்த்திருக்கிறாள்! ஆனாலும் வாய் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

சொன்னால் என் வேலை போய்விடும். ஆனாலும் துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

"சார், நான்தான் ஊத்துனேன்." யாருக்கும் கேட்கவில்லை. கத்தினேன். கூடமே திரும்பியது.

சார் முறைத்தார். பிறகு அமலாவிடம் வேறு தகடுகளை நீட்டினார். "மொதல்லேர்ந்து போடு. ஆயா, வாளிய தூரமா வெய்யி."

"ஏம்மா சொல்லல?" என்று அமலாவிடம் கேட்டேன்.

"நான் அடுத்த பேட்ச்ல எழுதிக்குவேன் ஆயா. உனக்கு வேற எவன் வேல குடுப்பான்?"

அவள் புதிதாக ஒட்டிய தகடு தானாக ஆறும்வரை காவல் நின்றேன். ஒட்டிய இடத்தை மடக்கிப் பார்த்தார்கள், விரிசல் விடவில்லை. அவள் தேறிவிட்டாள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் போனதால்தான், சார்களிடம் நிமிர்ந்து பேசாத நான் அன்று வாய் திறந்தேன்.