பால் வற்றக் கட்டிய பூ

பால் வற்ற மூன்று நாள் ஆகும் என்றார்கள். எனக்கு இரண்டே நாளில் வற்றிவிட்டது. எதையும் சட்டென்று முடித்துப் பழகியவள் நான்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு. டிப்ளமோ முடித்த கையோடு பொம்மசந்திராவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். மகன் பிறந்து மூன்று மாத விடுப்பு முடியப்போகும் வாரத்தில் மேலாளர் ஆளனுப்பினார். டெஸ்டிங் பிரிவுக்குப் புது மெஷின் வருகிறது, கற்றுக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இரண்டு பேரில் நானும் ஒருத்தி, திங்கட்கிழமை வந்துவிட வேண்டும். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தங்கவயலிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மா சொன்னாள்: "காலைல குடுத்துட்டுப் போ. சாயங்காலம் வந்து குடு. நடுவுல நான் டப்பாப் பால் கலக்கிக் குடுத்துக்கறேன்."

"பாதி அது, பாதி இதுன்னா ரெண்டையும் சரியாக் குடிக்க மாட்டாம்மா. பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சா அத்தன ஆம்பளைங்க நடுவுல எப்படி நிக்கறது?"

"எதக் கேட்டாலும் பதில் வெச்சிரு."

பால் நிறுத்த மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை ஓடியாடும் வயதில் கட்டுவார்கள். இல்லையென்றால் பிள்ளை தவறிப்போன வீட்டில். தூளியில் பிள்ளை கால் உதைத்துக்கொண்டிருக்க, அம்மா பூவைத் தொடவே மறுத்துவிட்டாள். "பெத்த கையால நான் கட்ட மாட்டேன். ஆகாதுடி." என் வீட்டுக்காரர்தான் வாங்கி வந்தார். பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். நானே கட்டிக்கொண்டேன். காலையில் வைத்த பூ, உடம்புச் சூட்டில் மதியத்துக்குள் பழுப்பாகிவிடும். எடுத்துவிட்டு வேறு வைப்பேன். தூக்கும்போதெல்லாம் பிள்ளை என் ஜாக்கெட்டில் முகத்தை வைத்துத் தேய்த்துத் தேடினான். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டிலை அவன் ஏற்றுக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லிக்கூடக் காட்டினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன், நான்கு நாளில் மெஷின் கைக்குப் பழகிவிட்டது. ஐந்தாம் நாள் அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழில் திட்டினார்.

"மூணு மாசக் கூசும்மா இது, பச்சக் கொழந்த! யாரு நிறுத்தச் சொன்னா? பாட்டில தூக்கிப் போடு. உப்பு சர்க்கரத் தண்ணி பாலாடையில குடு. மறுபடி மார்ல போடு, உறிஞ்ச உறிஞ்ச ஊறும்."

லீவு எழுதிக் கொடுத்தேன். இதிலும் அதே வேகம்தான் எனக்கு. பூண்டு, வெந்தயம், சுறாப்புட்டு, யார் எதைச் சொன்னாலும் தின்றேன். மணிக்கொரு தரம் அவனை மார்பில் போட்டேன். உறிஞ்சுவான். ஒன்றும் வராது. வாயை எடுத்து என் முகத்தைப் பார்ப்பான். பிறகு அழுவான். மூன்றாம் நாள் வாயே திறக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டான். வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது, ஆனால் கண் உள்ளே போயிருந்தது. பாலாடையில் ஊட்டியதெல்லாம் வெளியே வந்தது. அழுகை இழை மாதிரி மெலிந்துவிட்டது.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் எதிர்வீட்டுப் பாபி வந்தாள். உருது பேசும் குடும்பம். அவளுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

"க்யாஜி, பச்சா இப்டி அழுவுது, பாத்துக்கினு இருக்கீங்க! குடுங்க இங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"இதுல கேக்கறதுக்கு என்னா கீது? என் பொண்ணு ஒரு பக்கம் குடிச்சதும் தூங்கிடறா. இன்னொரு பக்கம் சும்மாதான கீது."

பாயில் உட்கார்ந்து முந்தானைக்குள் அவனை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் சிணுங்கினான். அப்புறம் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் என் மார்பில் சுரீரென்று ஏதோ ஓடியது. பால் இறங்கும்போது வருமே, அதே சுரீர். அடுப்புப் பக்கம் ஓடிப்போய் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.

பாயிலிருந்து பாபியின் சிரிப்பு. "ஒரு நல்ல மாப்ள போச்சு போங்க! எங்கள்ல ஒரு பால் குடிச்சா கூடப் பொறந்த மாதிரி. இனி என் பொண்ணு இவனுக்கு அக்கா." அம்மாவும் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

அவன் தேறினான். கன்னம் வந்தது. நான் வேலைக்குத் திரும்பினேன். அந்த மெஷினை என்னைவிட வேகமாக ஓட்ட அங்கே ஆள் இல்லை என்று பேர் வாங்கினேன். வேலை முடிந்து ஹோசூர் ரோட்டில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வீடு சேரும்போது, அவன் எப்போதும் எதிர்வீட்டில்தான் இருப்பான்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்று கையை நீட்டினேன். பாபியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"போ ராஜா, அம்மி வந்துட்டா பாரு," என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன். இந்த முறை முகத்தை என் பக்கம்தான் திருப்பி வைத்துக்கொண்டேன். என் ஜாக்கெட்டில் மூக்கை வைத்து ஒருமுறை மோந்தான். பிறகு தலையைத் தூக்கி, பாபி நின்ற வாசலைப் பார்த்து அழ ஆரம்பித்தான்.