மண்டபத்தூர் பால்வாடியும் என் அறிக்கையும்

மண்டபத்தூரில் சுற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் செய்து வைத்த காரியத்தைப் பார்க்கத்தான் சென்ற மாதம், 2008 செப்டம்பரில், போனேன்.

குழந்தைக் கல்வி ஆய்வு என் தொழில். சுனாமிக்கு அடுத்த வருடம் காரைக்கால் பகுதிப் பால்வாடிகளைப் பார்த்து அறிக்கை எழுதினேன். மண்டபத்தூரில் நான் போய் இறங்கியபோது பிற்பகல் இரண்டு மணி. பால்வாடி பூட்டிக் கிடந்தது. 'வேலை நேரத்தில் மூடப்பட்டிருந்தது' என்று படிவத்தில் எழுதிக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அறிக்கையால் எனக்குக் கொள்கைக் குழுவில் இடம் கிடைத்தது. அந்தப் பால்வாடி டீச்சரை நெடுங்காட்டுக்கு மாற்றிவிட்ட செய்தி இந்த வருடம்தான் காதில் விழுந்தது.

சென்னையிலிருந்து பேருந்தில் எட்டு மணி நேரம், 140 ரூபாய். காலை 4.50க்குக் காரைக்காலில் இறங்கினேன். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். "பீச்சு பாக்கணும்னா சாயங்காலம் வரணுங்க. இப்ப மீன் நாத்தந்தான்" என்றார் ஓட்டுநர்.

5.20க்குக் கரையில் மீன் ஏலம் தொடங்கியிருந்தது. கூடையோடு நின்ற அஞ்சலை என்ற மீன்காரப் பெண்ணிடம் பழைய டீச்சரைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க அஞ்சு மணிக்கே தொறந்து வச்சிருப்பாங்க. புள்ளைய வுட்டுட்டு ஏலத்துக்கு வருவோம். வித்துட்டு ஒரு மணிக்கு வந்து கூட்டிக்குவோம். யாரோ வந்து தப்பா எழுதிக் குடுத்துட்டாங்களாம். இப்ப ஒம்பதரைக்குத்தான் தொறக்குறாங்க."

ஐந்திலிருந்து ஒன்று வரை எட்டு மணி நேரம். நான்கூட அவ்வளவு உழைப்பதில்லை.

"இப்போ குழந்தை எங்கே?"

"வீட்டுலதாங்க. இது ரெண்டாவது, மூணு வயசு. கடல் பக்கம் போயிடக் கூடாதுன்னு வெளியில பூட்டிட்டு வந்திருக்கேன்."

அந்த 'யாரோ' நான்தான் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. "அப்ப நீங்களே மாத்தி எழுதிக் குடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஏலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்கள் முதல் நாளே காரைக்காலில் தங்குங்கள். சாதாரண அறை 250 ரூபாய்க்குக் கிடைக்கும். ஐந்து மணிக்குள் கரையில் இருங்கள். படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பாருங்கள்.

ஊர் திரும்பிய அன்றே அறிக்கையை மாற்றி எழுதித் துறைக்கு அனுப்பினேன். பதில் நேற்று வந்தது. நேரத்தை மாற்ற இயலாதாம், நிபுணர் அறிக்கையின்படி எடுத்த முடிவாம். ஆதாரமாக இணைத்திருந்த தாளின் கீழே என் கையெழுத்து இருந்தது.