ஸ்டிக்கர் ஒட்டிய ரெக்கார்டுகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு எங்கள் ஊர் மண்ணரையில் மூன்று மாடிக் கட்டடம், அதில் நூற்றுச்சொச்சம் தையல் மெஷின், வாசலில் இரண்டு லாரி, மங்கலம் ரோட்டில் குடோன். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்கத் தெரியாமலேயே வெளிநாட்டு ஆர்டர் பிடித்தேன். பேங்கில் உட்காரச் சொல்லாத காலத்தில் நின்றுகொண்டே லோன் கேட்டேன்; இப்போது அவர்களே என்னைத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். அப்பாவின் இசைத்தட்டுகள் இன்னும் குடும்பத்தில் இருப்பதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முதல் பாட்டைப் போடுகிறவர் அவர்தான். வீட்டில் நாலு தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள். எண்பதுகளின் கடைசியில் எல்லாரும் கேசட்டுக்கு மாறினார்கள். பெட்டிகள் அப்படியே மூடிக் கிடந்தன.

அம்மா பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஒரு ஓவர்லாக் மெஷின் இருந்தால் வீட்டிலேயே தைக்கலாம், கைக்குழந்தையான தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓட வேண்டாம் என்பது அவள் ஆசை.

"ஏனுங்க, பாடாத பொட்டி நாலு பாதி ஊட்ட அடச்சுட்டு நிக்குது. வித்துப்போட்டு ஒரு மெஷின் வாங்கலாமுங்க."

அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கு முகமில்லை. அதனால் நிபந்தனை போட்டார். பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுத் தரமாட்டேன் என்றார். பாட்டுக் கேட்கிறவர்கள் கைக்குத்தான் போக வேண்டும் என்றார். கடைசியாக, எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும், பொறுக்கக் கூடாது என்றார். இப்படி ஒரு ஆள் கிடைக்கவே மாட்டான் என்று நிம்மதியாக இருந்தார். கிடைத்துவிட்டார். பழைய இசைத்தட்டு வாங்கி விற்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்குள்ளேயே கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்திருந்தேன். பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ கண்ட இடத்தில் சின்னதாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஸ்டிக்கர் விழுந்தால் அது செகண்ட்ஸ், ஏற்றுமதிக்கு ஆகாது. செக்கிங் ஆகாத சரக்கு, வாங்குகிற பார்ட்டி கைக்குப் போகக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெள்ளகோவிலுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார்கள். நான் நாலு பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு தட்டாகச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்த இடத்திலெல்லாம் ஒட்டி முடித்தேன். யாரும் சொல்லாமலே செய்தேன்.

மறுநாள் முதல் தட்டைக் கையில் எடுத்த கோயமுத்தூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, ரெக்கார்டுக்கு அம்மை போட்டிருக்குதுங்களா?"

"அது செகண்ட்ஸுங்க" என்றேன் நான். "ஸ்டிக்கர் இல்லாதது பூராம் பஸ்ட் குவாலிட்டிங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மெஷின் போச்சு. பாவிப் பயலே, இது என்ன பனியனாடா?"

அப்பா என்னையே பார்த்தார். என் முதுகு தயாராக இருந்தது.

கோயமுத்தூர்க்காரர் ஸ்டிக்கர் இல்லாதவற்றைப் புரட்டினார். வீணை, ஷெனாய், ஆங்கிலப் பாட்டு. கல்யாண வீட்டில் ஒருத்தரும் கேட்காதவை. பல தட்டுகள் உறையை விட்டே வெளியே வந்ததில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"அம்மை போட்டத நான் எங்கீங்க கொண்டுபோயி விக்கறது? இது மட்டும் குடுக்கறதுன்னாச் சொல்லுங்க. இதுக்கு ஆளு காத்துட்டு இருக்குது. அம்மிணிக்கு மெஷினுக்கு ஆகற மாதிரியே குடுத்தர்றேன்."

"பையன் பண்ணுன வேலைக்கு நான் என்னங்க பண்றது" என்றார் அப்பா, துக்க வீட்டுக் குரலில். "அதயே எடுத்துக்கங்க." சொல்லும்போதே அவர் கை மற்ற பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு அந்த வாரமே மெஷின் வந்தது. எனக்கு அடி விழவில்லை, புரோட்டா கிடைத்தது. அப்பா அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். பிறகு ஈரத்துணியால் ஸ்டிக்கரைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். பசை போகாத இடத்தில் ஊசி தாவும்; விட்டுப்போன வார்த்தையை அவரே பாடிவிடுவார். நல்ல சரக்கையெல்லாம் கொடுத்துவிட்டுச் செகண்ட்ஸை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் சிரிக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. சம்பாதித்ததும் புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நூறு தடவை ஓடிய தட்டில்தான் கீறல் விழும், பிடித்ததைத்தான் நூறு தடவை ஓட்டுவார்கள் என்பது செக்கிங் மேசையில் யாரும் சொல்லித்தராதது.

இப்போது அவை தம்பி வீட்டில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. மேலே 'அப்பாவின் இசைத்தட்டுகள்' என்றும், கீழே 'பாதுகாப்பவர்' என்று போட்டு அவன் பெயரையும் எழுதியிருக்கிறான். கோயமுத்தூர்க்காரர் வாங்க வந்த அன்றைக்கு அவன் தொட்டிலில் கிடந்தான். அவன் பெயருக்கு மேலே, அதே அளவு எழுத்தில், 'செக்கிங்: மூத்த மகன்' என்று எழுத வேண்டும். பெயின்டரை நானே அனுப்புகிறேன்.