திவசத்துக்கு வாங்கிய வேட்டைக் காற்சட்டை

ராசா,

நாளைக்கு உங்களுடைய ஆண்டுத் திவசம். படையலில் வைக்கப் புது வேட்டி வாங்கத்தான் இன்றைக்குக் கிரான்பர்ன் கடைத்தெருவுக்குப் போனேன். ஆனால் நீங்கள் வேட்டி கட்டியதை நான் கண்டது நம்முடைய கலியாணத்தன்று மட்டும்தான். அதனால் வேட்டைச் சாமான் விற்கிற கடைக்குள் ஏறிவிட்டேன்.

மான் வேட்டைக்குப் போனால் முள் கிழித்த காற்சட்டையோடுதான் திரும்பி வருவீர்கள். நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது.

கடைக்காரர் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று தடித்த துணி, முழங்காலில் இரட்டையாகத் தைத்தது. எந்த முள்ளும் கிழிக்காதாம். ஆனால் செடி பற்றையில் உரசினால் சத்தம் கேட்டு மான் ஓடிவிடுமாம். மற்றது மெல்லிசு. சத்தம் வராது, ஆனால் இரண்டு தரம் போட முதலே கெதியில் கிழிந்துவிடும்.

"உங்கள் கணவருக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்படியென்றால் அவரையே கூட்டிக்கொண்டு வாருங்கள். போட்டுக்கொண்டு ஒருதரம் குந்தி எழும்பினால் தெரிந்துவிடும்."

தலையாட்டிவிட்டு, தடித்ததையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் உங்கள் தங்கை அதை விரித்துப் பார்த்தாள். "என்ன மச்சாள் இது? திவசம் முடிய உடுப்பு ஐயருக்கெல்லோ போறது! அவர் இதைப் போட்டுக்கொண்டோ பூசை செய்யிறது?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் எழும்பிப் போய் முகம் கழுவினாள்.

முகநூலில் இதை வாசிக்கிறவர்களில் ஐயருடைய இடுப்பளவு தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

ராசா, சத்தம் கேட்டு மான் ஓடிப்போனால் என்னோடு கோபிப்பீர்களா?